கோப்பில் இருந்த அலறல்

டப்பிங் ஸ்டூடியோக்களில் அலறல்களைக் கடைசியில்தான் எடுப்பார்கள். வசனம், சிரிப்பு, விக்கல், மூச்சு வாங்குவது, சாப்பிடும் சத்தம் எல்லாம் முடிந்த பிறகு, கிளம்புவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் அன்றைக்கு வேண்டிய அலறல்களை அலறிவிட்டுப் போக வேண்டும். முதலிலேயே அலறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். மீதி வசனம் வேறு யாரோ பேசியதுபோல் இருக்கும். செம்பூரில் நான் வேலை செய்த ஸ்டூடியோவிலும் இதுதான் வழக்கம். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒலிப்பதிவாளர் தினமும் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே அலறல்கள் எத்தனை என்று எழுதுவார். குரல் கொடுக்க வருபவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண் அந்தக் கோட்டுக்குக் கீழே போகும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் இருந்தவள். ஒரு தமிழ் நாளிதழின் மும்பை அலுவலகத்தில், கடைசி ஆறு வருடம் நான் ஒருத்தியே அந்த அலுவலகமாக இருந்தேன். அதை மூடியதும் மாட்டுங்காவில் வீட்டில் உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி டப்பிங்குக்கு வசனம் எழுதப் போனேன். குழந்தைகளுக்கான சேனல்களில் தமிழ் பேசும் பொம்மைகளில் பல மும்பையிலிருந்துதான் பேசுகின்றன. சென்னையில் சொன்னால் நம்ப மாட்டார்கள். வேலை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தலைப்பு எழுதும்போது பத்திக்குள் அடங்கும்படி எழுத்து எண்ணுவோம். இங்கே பொம்மையின் வாய் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ண வேண்டும்.

அந்த வருடம் வந்தது ஒரு ஜப்பானிய அனிமே தொடர், பதின்மூன்று அத்தியாயம். பன்னிரண்டு வயதில் ரத்தக் காட்டேரியிடம் கடிபட்ட ஒரு பெண். அதன் பிறகு அவளுக்கு வயது ஏறுவதில்லை. அறுபது வருடமாக ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊரிலும் ஆறாம் வகுப்பில் சேருகிறாள். யாராவது சந்தேகப்பட்டால் அடுத்த ஊர். பயமுறுத்தும் காட்சிகளுக்குக் குறைவில்லை; பனி, இருட்டுப் படிக்கட்டு, காலியான பள்ளிக்கூடம், வரிசையாகக் கழுத்துகள். என் மனதில் நின்றது அவளுடைய களைப்புதான். அதே பின்னக் கணக்கை இத்தனையாவது முறை போடும் குழந்தையின் முகத்தை வரைந்தவர்கள் சரியாக வரைந்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள் தாராவிக்காரி. வயது முப்பத்தொன்பது. இருபத்திரண்டு வயதில், மும்பை இந்தி கலக்காமல் தமிழ் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ தாராவிக்கு வந்து விசாரித்தபோது அகப்பட்டவள். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் இந்தி, மைக் முன்னால் செய்தி வாசிப்பதைப் போன்ற தமிழ். இந்தி வழியில் படித்ததால் தமிழ் எழுத்து அவளுக்குத் தடுமாறும். நான் வசனத்தைத் தமிழில் எழுதி, அவளுக்காக இந்தி எழுத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு பிள்ளைகள் பெற்ற உடம்போடு, பன்னிரண்டு வயதுக் குரலில் பேசுவாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் அறைக்குள் வேறு குழந்தை இருக்கிறதா என்று தேடுவார்கள்.

'ரத்தக் காட்டேரி' என்றே எழுத வேண்டும் என்று சேனலிலிருந்து சொற்பட்டியல் வந்திருந்தது. முதல் நாள் அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரத்தம் குடிக்கிறவள எங்க பக்கம் இசக்கின்னு பேரு வச்சிக் கும்புடுவோம்லா அக்கா. இவியளுக்குக் கும்புடத் தெரியல, ஓடத்தான் தெரியுது" என்றாள்.

ஒலிப்பதிவாளர் மராத்திக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் வசனத்தில் மூச்சு தவறினால் முதலில் கைதூக்குவது அவர்தான். அவளை 'தாயி' என்று கூப்பிடுவார், மராத்தியில் அக்கா. அவள் அவரைவிட நான்கு வயது இளையவள். "இந்த ஆளு ரிடையர் ஆகுற வரைக்கும் நான்தான் இவருக்கு அக்கா" என்பாள்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதியம் இரண்டுக்கு முடியும். இருவரும் சேர்ந்தே திரும்புவோம். செம்பூரிலிருந்து குர்லா வரை ஒரு ரயில், அங்கே பாலம் ஏறி இறங்கி இன்னொன்று. அவள் சயனில் இறங்குவாள், நான் அடுத்த ஸ்டேஷன். ஏழாவது அத்தியாயம் முடிந்த அன்று பெண்கள் பெட்டியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்த ஒருத்தி, எங்கே இறங்குகிறாய், எழுந்தால் அந்த இடம் எனக்கு என்ற கணக்கில் அவளைக் கேட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலைக் காட்டி, அடுத்தது என்று சைகை செய்தாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அவள் கேட்காதவர்களுக்கே பதில் சொல்கிற ஆள்.

ரயில் கிளம்பியதும் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். ஸ்டூடியோல சொல்லப்படாது."

"சொல்லு."

"தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாத்தாவ. ரெண்டு பக்கமும் தடிச்சிருக்காம். மூணு மாசம் கத்தப்படாதாம். கிசுகிசுன்னு பேசுனா இன்னும் கெடுதலாம்."

"மூணு மாசமா? இன்னும் ஆறு எபிசோட் இருக்கே."

"அதத்தான நானும் டாக்டர்ட்ட கேட்டேன். ஏன், நீ என்ன, பாட்டுக்காரியான்னு கேக்காரு. இல்ல சார், காட்டேரின்னேன். சிரிக்கவே இல்ல அந்த மனுசன்."

சயன் வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்காமல் தொடர்ந்தாள்.

"பதினேழு வருசமா அணிலு, முயலு, கூட்டத்துல ரெண்டாவது பையன். இப்பந்தான் ஒரு ஹீரோயினு. கடைசில பேரு போடுதாவ. என் மவ அவ க்ளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா. தொண்ட போச்சுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், இனி அணிலுகூடக் கெடைக்காது. எப்பிடியாவது எழுதி முடிச்சிக் குடுங்க அக்கா."

அவள் மகளுக்கு வயது பதின்மூன்று. காட்டேரிக்கு மூத்தவள் என்று சொல்லிக்கொள்வாள்.

எட்டு, ஒன்பது, பத்து அத்தியாயங்களை நான் அவளுடைய தொண்டைக்குத் தகுந்தபடி எழுதினேன். முகம் திரும்பியிருக்கும் இடங்களில் கூச்சலை எடுத்துவிட்டு மூச்சு வைத்தேன். தூரத்தில் நின்று கத்தும் இடத்தில், கத்துவதற்கு வேண்டியதைத் தாழ்ந்த குரலில் சொல்ல முடிகிற சொற்களைத் தேடினேன். 'என்னை விடு' என்ற கூச்சல் 'நான் போகிறேன்' ஆயிற்று. வெள்ளைப் பலகையில் கோட்டுக்குக் கீழே எண் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை. இந்த மாதிரி ஒட்டுவேலையில் எனக்குப் பழக்கம் உண்டு. செய்யும்போது ஒரு திருப்தியும் இருந்ததை மறைக்கவில்லை.

பதினோராவது அத்தியாயத்தில் அகப்பட்டுக்கொண்டோம். அந்தப் பெண் அறுபது வருடம் கழித்துச் சொந்த ஊருக்குப் போகிறாள். தாய் தொண்ணூறை நெருங்கிவிட்டவள். ஜன்னலுக்கு வெளியே பனியில், காணாமல்போன வயதிலேயே நிற்கும் மகளைத் தாய் பார்க்கிறாள். பயந்து, போய்விடு என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். பெண் அலறுகிறாள். பத்தொன்பது வினாடி. அவ்வளவு நேரமும் திரையில் அவள் வாயைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுதுகிறவள் ஒதுங்க இடமே இல்லாத காட்சி.

அலறலுக்கு மொழி ஏது, ஜப்பானிய அலறலையே வைத்துக்கொள்ளலாமே என்று ஒலிப்பதிவாளரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர்கள் அனுப்புவது குரல் நீக்கிய இசையும் சத்தமும்தான், குரல் நம்மிடம் வராது என்றார். பிறகு என்னைப் பார்த்து, தாயிக்கு என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார். தமிழ் தெரியாத மனிதருக்கு மூன்று அத்தியாயங்களாக எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளைக் கேட்டுக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னோம்.

அடுத்த யோசனை என்னுடையது. பத்திரிகையில் நிகழ்ச்சிப் படம் வந்து சேராத நாளில், அதே ஆளின் பழைய படத்தை எடுத்துப் போடுவோம். ஒலிப்பதிவாளர் எதையும் அழிக்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய ஹார்ட் டிஸ்கில் அவள் பெயருக்கு ஒரு கோப்பு இருந்தது. அதற்குள் மராத்தியில் 'கிங்காளி' என்று ஒன்று. அலறல் என்று அர்த்தம். பதினேழு வருட அலறல்கள் வெறும் எண்களோடு வரிசையாக இருந்தன. ஒரு மதியம் முழுக்க நாங்கள் இருவரும் அவற்றைக் கேட்டோம். எந்த நிகழ்ச்சிக்கு, எந்தக் காட்சிக்கு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றைக் கேட்டதும் இருவரும் நிமிர்ந்தோம். நீளமாக, நடுவில் ஒருமுறை உடைந்து, மறுபடி எழும்பும் அலறல். பத்தொன்பது வினாடிக்குச் சற்றுக் குறைவு. அவர் இழுத்துச் சரிசெய்தார். வாயசைவோடு பொருந்தியது.

மறுநாள் அவளை மைக் அறையிலிருந்து வெளியே அழைத்துவந்து கேட்கச் சொன்னோம். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்து, கால்வாசி கேட்டுவிட்டு, "சரி, போட்டுக்கோங்க" என்று கழற்றிக் கொடுத்தாள். அன்று அவளுக்குத் தொண்டை வலி அதிகம். உட்கார இடம் இருந்தால் போதும் என்ற நிலையில் இருந்தாள்.

பழைய படம் போடும்போது நாங்கள் கீழே சின்ன எழுத்தில் 'கோப்புப் படம்' என்று போடுவோம். வாசகரிடம் நேர்மையாக இருக்க அந்த இரண்டு சொல் போதும். அலறலுக்குக் கீழே எழுத இடம் கிடையாது.

ஒன்பது நாள் கழித்து சேனலின் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நவி மும்பையில் கோபர்கைரனேயிலிருந்து வருகிறவர், கத்திப் பேசத் தெரியாதவர்.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்கோ."

பதினோராவது அத்தியாயம், நிமிடம், வினாடி, பக்கத்தில் குறிப்பு. அலறலில் குரல் இளமையாக இருக்கிறது, வசனத்தில் முதிர்ந்து ஒலிக்கிறது, வயது பொருந்தவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சந்தேகம் வந்து அவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்து திரும்பக் கேட்டிருந்தார்கள். அடுத்த வரியில், குரல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கனத்துக்கொண்டே வருகிறது, கதாநாயகிக்கு வயது ஏறக் கூடாது, குரலை மாற்றவும் என்று இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆள்தானே?" என்று கேட்டார் மேலாளர்.

"ஒரே ஆள்தான்."

அது உண்மை. இந்த வகை உண்மைகளை அதிகாரிகள் எனக்குச் சொல்ல, நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"எப்போ எடுத்தது?"

நான் அறிக்கையை மடித்து அவர் மேஜையில் வைத்தேன். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். கம்மிய தொண்டையில் அவள் சுமாராக ஒரு அலறல் கொடுத்திருந்தால், மறுபடி எடுக்கவும் என்று ஒரு வரியோடு போயிருக்கும். என்றைக்கோ எடுத்த இளங்குரலை முப்பத்தொன்பது வயதுக் குரலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நானே கொடுத்திருக்கிறேன்.

தொலைபேசியில் சொன்னால் அவள் பேச வேண்டியிருக்கும். நேரில் போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவள் வீடு. மாடியில் அவள் கணவர் பள்ளிக்கூடப் பை தைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"கண்டுபுடிச்சிட்டாவளா?"

"அந்த அலறல்தான். ரொம்ப சின்னக் குரலா இருக்காம். அப்புறம் சேனல்ல எல்லாத்தையும் திரும்பக் கேட்டிருக்கா."

"அப்போ என்னய நானே காட்டிக் குடுத்துருக்கேன்."

"யோசனை என்னுது. நான்தான் தப்பு பண்ணினேன்."

"நானும் சரின்னுதான சொன்னேன். விடுங்க." ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். "யாரப் போடுதாவ?"

"நெருள்லேந்து ஒரு பொண்ணு. காலேஜ் படிக்கிறாளாம்."

"நல்லாப் பேசுவாளா?"

"தெரியலை."

மகள் உள்ளேயிருந்து, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள். இவள் இந்தியிலேயே, "குச் நஹீ. படாயி கர்" என்றாள், ஒன்றுமில்லை, போய்ப் படி என்று. பிறகு என்னிடம், "இவகிட்ட எப்பிடிச் சொல்லுததுன்னுதான் தெரியல. அந்த டாக்டராவது சிரிச்சிருக்கலாம்" என்றாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போட்டுக் கொடுத்தாள்.

புதிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நல்ல பெண். கோரைப்பல் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டில் வந்தாள். தொடரை ஜப்பானிய மொழியிலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் படிப்பாள். மறுபடி பதினோரு அத்தியாயத்தையும் அப்படி எழுதினேன். தொண்டைக்காக நான் எடுத்துவிட்ட கூச்சல்களைத் திரும்ப வைத்தேன். அவற்றை அவள் சிரமமில்லாமல் கத்தினாள். அந்தப் பத்தொன்பது வினாடி மட்டும் வரவில்லை. நான்கு முறை எடுத்தோம். கரப்பான் பூச்சியைப் பார்த்ததுபோல் சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தது. மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் பரீட்சை. அத்தியாயத்தை அனுப்ப வேண்டிய தேதி தாண்டிவிட்டிருந்தது. ஒலிப்பதிவாளர் பழைய அலறலை எடுத்து அவள் வசனங்களுக்கு நடுவில் வைத்து ஓட்டினார். நூல் கோத்ததுபோல் உட்கார்ந்தது. நான் மேலாளரிடம் சென்று, இந்தத் தடவை மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றார். அந்தப் பெண்ணும் கேட்டாள். "செம பயமா இருக்கு மேம். யாருது?" என்றாள். சொன்னேன். "அந்த ஆன்ட்டியா?" என்று கண்ணாடிக்குள் பார்த்தாள். அறை காலியாக இருந்தது.

தாயின் பாத்திரத்துக்கு அதுவரை ஆள் அமையவில்லை; முதலில் அனுப்பியதில் நானே ஒப்புக்குப் பேசி வைத்திருந்தேன். இரண்டு அத்தியாயங்களில் ஒன்பது வரி. மேலாளர் அதைத் தாராவிக்காரிக்கே கொடுத்தார். தாழ்ந்த குரல், தொண்டைக்கு வேலை இல்லை. அவளுக்கு அது சலுகை என்று புரிந்திருக்கும், புரிந்ததாகக் காட்டவில்லை. மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போது வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"தாயி, வயசானவ மாதிரி" என்பதை ஒலிப்பதிவாளர் இந்தியில் சொன்னார்.

"அதுக்கு நடிக்கணுமாக்கும்" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

அலறலைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்து, வேலை நடுவே தள்ளிப்போட்டேன். தாயின் கடைசி வரி அலறலுக்கு முன்னும் ஒருமுறை, அலறல் அடங்கியதும் ஒருமுறை வருகிறது. ஆகவே அவள் ஹெட்ஃபோனில் அது முழுதாகக் கேட்க வேண்டும். "போய்விடு" என்றாள். திரையில் ஜன்னல் சாத்தியது. அலறல் தொடங்கியது.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வினாடியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் சரியான இடத்தில், முன்னதைவிடத் தாழ்வாக, "போய்விடு" என்றாள். ஒலிப்பதிவாளர் எப்போதும் இன்னொரு டேக் கேட்பவர். அன்று கேட்கவில்லை.

சேனல் அந்த அத்தியாயத்தை ஒரு குறிப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பெயர்ப் பட்டியலில் கதாநாயகிக்கு நேராகப் புதிய பெண்ணின் பெயர், தாய்க்கு நேராக இவள் பெயர். கதாநாயகிக்கு இரண்டு பெயர் போடலாமா என்று மேலாளருக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். பட்டியல் போய்விட்டது என்று ஒரு வரி வந்தது.

தாய்க்குக் குரல் கொடுத்த அன்று திரும்பும்போது ரயிலில் இடம் கிடைக்கவில்லை. குர்லாவில் மாறி, கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றோம். எனக்குக் கால் வலித்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சேனல்காரன் சொல்லுததுக்கு இனி ஏதும் இருக்கா?"

"இல்லை. பொருந்திடுத்து."

"பொருந்தாம என்ன. அது அந்தப் பிள்ள வயசுதான." சற்று யோசித்தாள். "அன்னைக்கு அரைகுறையாக் கேட்டேன். இன்னைக்குத்தான் எதுன்னு வெளங்கிச்சு. என்னோட மொதல் மாசம் அக்கா. அணிலு ஒண்ணு மரத்துல இருந்து விழுது. அதுக்குக் கத்துனது."

"இவ்வளவு நீளமாவா?"

"மரம் அம்புட்டு உயரம்லா."

ரயில் சயனுக்குள் நுழைந்தது. பின்னாலிருந்து பெண்கள் தள்ளத் தொடங்கினார்கள். அவள் பையை முன்பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"செத்துப்போச்சா அணில்?" என்று கேட்டேன்.

"எங்க சாவும். அடுத்த சீன்லயே எழும்பி ஓடிட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.